ஆறு நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு

விண்ணப்பதாரர் வயது 38. சென்னையில் ஐ.டி. கம்பெனி வேலை, பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 1 லட்சத்து 40 ஆயிரம். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. ஒரே மகள், ஆறாம் வகுப்பு. பெருங்களத்தூரில் ஃபிளாட், அதன்மேல் வீட்டுக்கடன் கொஞ்சம் பாக்கி. மறைமலைநகரைத் தாண்டி ஒரு மனை. கடன் கேட்கும் காரணம்: விமான பைலட் ஆக வேண்டும்.

நான் பாங்க் மேனேஜராக இருந்த காலத்தில் இப்படி ஒரு மனு மேஜைக்கு வந்திருந்தால், காபி வரவழைத்துக் கொடுத்து, குடும்ப நலம் விசாரித்து, "ரீஜனல் ஆபீஸுக்கு எழுதிப் பார்க்கிறேன்" என்று அனுப்பி வைத்திருப்பேன். அதற்கு என்ன பொருள் என்று கிளைக்கு வந்துபோகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த மனுதாரன் என் அக்கா மகன். காது குத்துக்கு என் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டியவன். இவனிடம் ரீஜனல் ஆபீஸைக் காட்டித் தப்பிக்க முடியாது. "பணத்தை அப்புறம் பேசலாம். முதலில் அந்த இடங்களைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவோம், டிக்கெட் போடு" என்றேன். அக்காவிடம், நாக்பூரில் என் பழைய சகா வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிவைத்தோம்.

ஏன் நாக்பூர் பக்கம் என்று கேட்கலாம். சென்னை, மும்பை மாதிரி விமான நிலையங்களில் பயணிகள் விமானங்களுக்கே ஓடுபாதை போதவில்லை. அதே பாதையில் ஒரு சின்னப் பயிற்சி விமானம் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கிப் பழகிக்கொண்டிருக்க இடமில்லை. பயிற்சிப் பள்ளிக்கு வேண்டியது நெரிசல் இல்லாத ஆகாயமும், வருஷத்தில் அதிக நாள் மேகமில்லாத வானிலையும்தான். அதனால் கோந்தியா, ஜல்காவ், சாகர், அமேதி பக்கத்து ஃபுர்சத்கஞ்ச் என்று நாட்டின் நடுவயிற்றில் சிறு ஊர்களாகப் பார்த்து இவை உட்கார்ந்திருக்கின்றன. ஏர் இந்தியா தன் பள்ளிக்கு இடம் பார்த்ததும் மகாராஷ்டிரத்து அமராவதியில்தான். எங்கள் பட்டியலில் இருந்தவை இரண்டு: மகாராஷ்டிரத்தின் கிழக்கு ஓரத்தில் கோந்தியா, மத்தியப் பிரதேசத்தில் சாகருக்குப் பக்கத்திலுள்ள தானா.

சென்ட்ரலில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினோம். விஜயவாடா தாண்டி விழித்தபோது அவன் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தான். எக்செல் ஷீட். கிரவுண்ட் கிளாஸ், பரீட்சைக் கட்டணம், மெடிக்கல், 200 மணி நேரப் பறத்தல், இரட்டை என்ஜின் பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு, கடைசியில் குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங். ஐ.டி.காரன் அல்லவா, ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிறம். அடியில் கூட்டுத்தொகை 70 லட்சத்தைத் தொட்டு நின்றது. அதில் 40 லட்சத்துக்குக் கல்விக்கடன்.

கல்விக்கடனைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். வங்கிகளின் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்தில், அங்கீகாரம் பெற்ற பைலட் பயிற்சி பெயரோடு இடம் பெற்றிருக்கிறது. மாணவருக்கு உச்ச வயது என்று விதியில் தனியாக எதுவும் இல்லை. அது மேனேஜரின் முகத்தில்தான் இருக்கும். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. அதைத் தாண்டினால் சொத்துப் பத்திரம் வேண்டும். ஆக, 40 லட்சம் என்று எழுதிய உடனேயே அந்தக் கடன் படிப்பின்மேல் கொடுக்கிற கடன் இல்லை, வீட்டின்மேல் கொடுக்கிற கடன். இருபது வயதுப் பையனுக்கு அப்பாவின் வீடு பின்னால் நிற்கும், அப்பாவின் சம்பளமும் நிற்கும். பையனுக்கு வேலை தாமதமானால் அப்பா இரண்டு வருஷம் கட்டுவார். இவன் விஷயத்தில் அப்பாவும் இவனே, பையனும் இவனே.

"பத்து வருஷம், 11 சதவீதம் போட்டுப் பார்" என்றேன். போட்டான். மாதத் தவணை 55,100 ரூபாய் வந்தது. பயிற்சிக் காலமும் அதற்குமேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பதைக் கண்டு அவனுக்கு ஆறுதல். தவணைதான் நிற்கும், வட்டி நிற்காது என்று சொன்னேன். முழுத் தொகையும் பட்டுவாடா ஆன பிறகு மாதம் 36,600 ரூபாய்க்குமேல் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும். வருமான வரியில் எட்டு வருஷம் வட்டிக்கு விலக்கு உண்டு, உச்சவரம்பு கிடையாது. ஆனால் பழைய வரி முறையில் இருந்தால்தான். தவிர, வரி கட்ட முதலில் வருமானம் வேண்டும்.

அந்த ஷீட்டில் ஒரு வரி இல்லை. அதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். "உன் சம்பளம் எங்கே?" என்றேன். புரியாமல் பார்த்தான். பயிற்சி இரண்டு வருஷம், அதற்குப் பிறகு வேலைக்குக் காத்திருப்பது குறைந்தது ஒரு வருஷம் என்றே வைத்துக்கொள்வோம். 36 மாதம் அந்த 1 லட்சத்து 40 ஆயிரம் வராது. பெருக்கினால் 50 லட்சத்துக்குமேல். எந்தப் பள்ளிக்கும் கட்டாத கட்டணம் இது. இருபது வயதுக்காரன் இதைக் கட்டுவதில்லை, ஏனென்றால் அவன் விட்டு வருவதற்குச் சம்பளமே இல்லை. நடுவயதில் தொழில் மாறுகிறவன் மட்டும்தான் கட்டுகிறான், அதுவும் கட்டுகிறோம் என்று தெரியாமலே. அவன் புதிதாக ஒரு வரி சேர்த்தான். எந்த நிறமும் கொடுக்கவில்லை. பல்லார்ஷா வரும்வரை அதிகம் பேசவில்லை.

நாக்பூரில் ஒரு இரவு தங்கல். காலையில் ஸ்டேஷன் எதிரே தர்ரி போஹா: அவல் உப்புமாவின் தலையில் கொண்டைக்கடலைக் குழம்பைக் காரசாரமாக ஊற்றித் தருவார்கள், கண்ணில் நீர் வரும். நாக்பூருக்கு ஆகாய வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1949-இல் இரவு விமானத் தபால் தொடங்கினார்கள். டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கிலிருந்தும் இரவில் கிளம்பும் விமானங்கள் இங்கே வந்து கூடும். தபால் மூட்டைகளையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊர் திரும்பும். ரயில்வே ஜங்ஷன் போல ஆகாயத்துக்கு ஒரு ஜங்ஷன். இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். அவன் அந்த பைலட்டுகளுக்கு ராத்திரி அலவன்ஸ் எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்டான். தேறிவிடுவான் என்று தோன்றியது.

கோந்தியாவுக்கு ஹௌரா பாதையில் போக வேண்டும். வைன்கங்கா ஆற்றைக் கடந்தபின் நெல் வயல்கள். மாசி மாதத்தில் கோடை நடவு. தஞ்சாவூர்க்காரனுக்கு மராத்திய மாநிலம் என்றால் கரும்பும் பருத்தியும்தான் நினைவுக்கு வரும். இந்த மாவட்டமோ அரிசி மில்களால் ஆனது. ஊருக்குள் நுழையும்போதே தவிட்டு வாசனை. மில் இல்லாத தெருவில் பீடிக் கம்பெனி.

விமான நிலையம் ஊரிலிருந்து தள்ளி, பிர்சி கிராமத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷார் போட்டுவிட்டுப் போன ஓடுபாதை. பின்னால் அதை நீட்டி, இந்திய விமான நிலைய ஆணையமும் கனடாவின் சி.ஏ.இ. நிறுவனமும் சேர்ந்து அங்கே பயிற்சிப் பள்ளி தொடங்கின. வழியில் வயலில் இரண்டு சாரஸ் கொக்குகள் நின்றன. சாம்பல் உடம்பு, சிவப்புத் தலை, நாற்று நடும் பெண்கள் அளவுக்கு உயரம். பறக்கிற பறவைகளில் உலகத்திலேயே உயரமானது இதுதான். மகாராஷ்டிரத்தில் இது மிச்சமிருப்பதே அநேகமாக இந்த வட்டாரத்தில் மட்டும். ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தாமலே கையைக் காட்டினார். அவருக்கு அது தினசரிக் காட்சி.

வேலி ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்தால் ஓடுபாதை பாதி தெரியும். கடைக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டு, "மதராஸா? நான் இங்கேயிருந்தே விமானத்தில் பாலாஜியைப் பார்த்துவிட்டு வந்தேன்" என்றார். உண்மைதான். 2023 டிசம்பரில் இண்டிகோ இங்கிருந்து ஹைதராபாத் வழியாகத் திருப்பதிக்கு விமானம் விட்டது. பக்தி எங்கே போனாலும் வழி போட்டுக்கொள்கிறது. படிப்புக்குத்தான் வழி தேட வேண்டியிருக்கிறது.

முன்கூட்டி அனுமதி வாங்கியிருந்ததால் உள்ளே ஹாங்கர் ஓரம்வரை விட்டார்கள். டயமண்ட் டி.ஏ.40 விமானங்கள் வரிசையாக நின்றன. நீண்டு மெலிந்த இறக்கை, முன்பக்கமாகத் தூக்கித் திறக்கும் கண்ணாடி மூடி, உலோகத் தகடு இல்லாமல் இழைகளை ஒட்டிச் செய்த வெள்ளை உடம்பு. இருபது வயதுகூட இருக்காது, ஒரு பெண் இறக்கையின் அடியில் குனிந்து, சின்னக் கண்ணாடிக் குவளை ஒன்றை ஒரு குமிழில் அழுத்தினாள். எரிபொருள் அரைக் குவளை இறங்கியது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். தொட்டியில் தண்ணீர் கலந்திருந்தால் குவளையின் அடியில் முத்துமுத்தாகத் தனியே நிற்குமாம். அடுத்த இறக்கைக்குப் போய் அதையே செய்தாள். டயரை உதைத்துப் பார்ப்பாள் என்று நினைத்தேன். இல்லை, உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். கால் மணி நேரம் இப்படிப் போயிற்று. இதற்கெல்லாம் காசில்லை. காசு, என்ஜின் உயிர் பெற்ற பிறகு.

அந்தக் கணக்கை விளக்கியவர் ஒரு பயிற்றுநர், லக்னோக்காரர். பல பயிற்சி விமானங்களில் ஹாப்ஸ் மீட்டர் என்று ஒன்று இருக்கும். என்ஜின் ஓடும் நேரத்தை அது மணியில் பத்தில் ஒரு பங்காக எண்ணும். ஆறு நிமிஷத்துக்கு ஓர் எண் நகரும். இப்போது பள்ளிகளில் மணிக்குப் பதினைந்தாயிரத்தை ஒட்டிக் கேட்கிறார்கள் என்றால், எண் ஒருமுறை நகர 1,500 ரூபாய். ஓடுபாதை முனையில் வேறொரு விமானம் இறங்கட்டும் என்று காத்து நின்றாலும் அது ஓடும். சிக்னலில் நிற்கும்போது ஓடுகிற ஆட்டோ மீட்டர் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண் சர்க்யூட் போனாள். ஏறி, சதுரமாக ஒரு சுற்றுச் சுற்றி, சக்கரம் தரையைத் தொட்டதும் மறுபடி ஏறி. நான் வானத்தைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஆறு நிமிஷம். பாங்க் புத்தி போகாது.

லைசென்ஸுக்கு வேண்டிய 200 மணி என்பது சும்மா ஒரு முழு எண் இல்லை. அதில் 100 மணி நேரம் பக்கத்தில் யாரும் பொறுப்பேற்காமல் தானே விமானத்தின் தலைவனாக ஓட்டியிருக்க வேண்டும். 20 மணி ஊர்விட்டு ஊர். அதில் ஒரு பயணமாவது 300 கடல் மைல் நீளம், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி நிற்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது 10 மணி. இரவில் 5 மணி, பத்து முறை ஏறி, பத்து முறை இறங்கி. இவற்றில் எதில் தடுமாறினாலும் கூடுதல் மணிகள், கூடுதல் பணம். வயதானவர்களுக்குக் கூடுதல் மணி பிடிக்குமா என்று கேட்டேன். "படிப்பில் அவர்கள்தான் முந்துகிறார்கள். கையில் கொஞ்சம் பிந்துகிறார்கள். பயப்படவும் அவர்களுக்குத்தான் தெரிகிறது, அது நல்லதும்தான்" என்றார். பத்து சதவீதம் அதிகமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அக்கா மகனுக்கு இருந்த ஆசையெல்லாம் விமானக் கம்பெனிகளின் கேடட் திட்டம். பள்ளியும் கம்பெனியும் கைகோத்து, பயிற்சியிலிருந்து வேலை வரைக்கும் ஒரே சங்கிலி. ஒரு கோடிக்கு மேல் ஆகும், ஆனால் முடிவில் நாற்காலி காத்திருக்கும் என்பது நம்பிக்கை. அதன் கதவு அவனுக்கு முன்பே சாத்திவிட்டது. இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் முப்பது வயதை ஒட்டியே நிறுத்திக்கொள்கின்றன. அதில் அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. பைலட்டுக்கு 65-இல் ஓய்வு. கம்பெனி ஒருவன்மேல் பணமும் வருஷமும் போடும்போது, திரும்பி வரும் வருஷங்களை எண்ணத்தான் செய்யும். 42 வயதில் உள்ளே போகிறவன் சீனியாரிட்டிப் பட்டியலில் 25 வயதுக்காரனுக்குக் கீழே நிற்பான். துணை விமானியின் வலது சீட்டிலிருந்து கேப்டனின் இடது சீட்டுக்கு நகர 1,500 மணி நேரமும் மேல்நிலை லைசென்ஸும் வேண்டும், அதற்கு மேலே வரிசை. ஆனால் 23 வருஷம் சின்ன காலம் இல்லை. நான் பாங்கில் மேனேஜர் நாற்காலியில் அவ்வளவு நாள் உட்காரவில்லை.

சாகருக்குப் போகும் வழியில், கோந்தியாவிலிருந்து ஜபல்பூருக்கு வண்டி. இந்தத் தடத்தில் எனக்கு ஒரு பாத்தியதை உண்டு. ப்ரமோஷன் கொடுத்து என்னை ஜபல்பூருக்குத் தூக்கிப்போட்ட காலத்தில் இது குறுகிய பாதை. பொம்மை ரயில் அளவு வண்டி சாத்புரா காட்டுக்குள் நாளெல்லாம் ஊர்ந்து போகும். இறங்கிச் சிறுநீர் கழித்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது அகலப்பாதை, மின்சாரம். பாலாகாட், நைன்பூர் தாண்டி தேக்கு மரங்கள் இலை உதிர்த்து நின்றன. கௌரிகாட்டை ஒட்டி நர்மதைப் பாலம் வந்ததும் பெட்டியில் பாதிப் பேர் சில்லறைக் காசை ஜன்னல் வழியே எறிந்து கும்பிட்டார்கள். அக்கா மகனும் ஒரு பத்து ரூபாயை எறிந்தான். அவனுக்குள் பட்ஜெட் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

அந்த வண்டியில்தான் மனத்தில் இருந்ததைச் சொன்னான். தன்னுடன் வேலை பார்த்த ஒருவன் போன வருஷம் ஒரு பள்ளியில் மொத்தக் கட்டணத்தையும் முதலிலேயே கட்டிவிட்டானாம். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி. விமானங்களில் பாதி பழுதாகி நின்றன, பயிற்றுநர்கள் வேறு இடம் போய்விட்டார்கள், மாதத்துக்கு ஐந்து மணி நேரம் கிடைப்பதே கஷ்டம். பணத்தைத் திரும்பக் கேட்டால் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் ஒரு ஷரத்து. தள்ளுபடிக்காக முன்பணம் கட்டுவது என்பது, வட்டி வாங்காமல் நாம் அந்தப் பள்ளிக்குக் கடன் கொடுப்பது. இதைக் கடன் கொடுத்தே வாழ்ந்தவன் சொன்னால் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். பள்ளியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். எத்தனை விமானம் இன்று பறக்கும் நிலையில் இருக்கிறது, ஒரு மாணவனுக்குப் போன மாதம் எத்தனை மணி கிடைத்தது, இதை டீக்கடையில் நிற்கும் பையன்களிடம் கேட்டால் போதும்.

சாகர் ஸ்டேஷன் பலகையில் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'ஸௌகர்' என்றே இருக்கிறது. நடுவில் பெரிய ஏரி, அதைச் சுற்றி ஊர், மேட்டில் பல்கலைக்கழகம். ஹரிசிங் கௌர் என்ற வக்கீல் வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொட்டி 1946-இல் நிறுவியது அது. கடைத்தெருவில் சாரைப்பருப்பு பர்ஃபி வாங்கினோம். தஞ்சாவூர் மண்வாசனை உள்ளவனுக்கு இனிப்பைப் பற்றிப் பேச உரிமை உண்டு என்றால், நெய் கொஞ்சம் குறைவு.

தானா ஓடுபாதை ஊருக்கு வெளியே, கோதுமை வயல்களுக்கு நடுவில். இங்கே செஸ்னா 172. இறக்கை தலைக்குமேல் இருக்கும் பழைய நம்பகமான வண்டி. காலைப் பனிமூட்டம் விலகாததால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பயிற்சி மாணவர்களுக்குப் பார்வைக்கு எட்டும் தூரம் வேண்டும். பனிக்காலத்தில் காலை போய்விடும், மழைக்காலத்தில் வாரக்கணக்கில் போய்விடும், கோடை மதியத்தில் காற்று தூக்கிப் போடும். பதினெட்டு மாதம் என்று பள்ளி சொன்னால் இருபத்து நான்கு என்று எழுதிக்கொள்ள வேண்டியது இதனால்தான். விடுதி வாடகையும் மெஸ் கட்டணமும் பனிமூட்டத்தன்றும் உண்டு.

அந்தக் கூட்டத்தில் நரைத்த தலை ஒன்று தெரிந்தது. ரத்னகிரிக்காரர், வயது 41, கப்பல் என்ஜினீயர். நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். அவர் கடனே வாங்கவில்லை. ஆறு மாதம் கப்பலில், கையில் டாலர். கரைக்கு வந்ததும் இங்கே வந்து இருபத்தைந்து மணி நேரத்துக்கு மட்டும் பணம் கட்டிப் பறப்பார். அது தீர்ந்ததும் அடுத்த இருபத்தைந்து. காசு முடிந்தால் மறுபடி கப்பல். "என் அப்பா வீடு கட்டியதும் இப்படித்தான் அங்கிள். ஒரு வருஷம் அஸ்திவாரம், ஒரு வருஷம் சுவர்" என்றார்.

கேட்க அழகாக இருந்தது. உள்ளே இருக்கும் முள்ளையும் அவரே காட்டினார். லைசென்ஸுக்கு மனுப்போடும் தேதிக்கு முந்தைய ஐந்து வருஷத்துக்குள் பறந்த மணிகள்தான் கணக்கில் சேரும். இரவுப் பறத்தல் கடைசி ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். கப்பலிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் கை மறந்திருக்கும். தனியாக விடுவதற்கு முன் பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து சோதிப்பார், அந்த மணிகளும் அவர் செலவு. இப்படியே இருபது, இருபத்தைந்து மணி வீணாகிவிட்டதாகச் சொன்னார். மூன்று, நான்கு லட்சம். "அது நான் கட்டுகிற வட்டி" என்று சிரித்தார். நான் மனத்துக்குள் போட்டுப் பார்த்தேன். 40 லட்சத்துக்கு ஒரு வருஷ வட்டியே 4 லட்சத்து 40 ஆயிரம். அவர் கட்டுவது மலிவான வட்டிதான்.

அங்கேயே இன்னொரு பெண், 34 வயது, பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தவர். லைசென்ஸுக்கு இயற்பியலும் கணிதமும் பிளஸ் டூ அளவில் தேறியிருக்க வேண்டும் என்பதால், திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டையும் எழுதிவிட்டு வந்திருந்தார். டிரிக்னாமெட்ரியை மகனோடு சேர்ந்து படித்தாராம்.

வேலை விஷயம் பேசும்போது மட்டும் இருவருமே குரலைத் தாழ்த்தினார்கள். 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்ததைப் பத்திரிகைகள் கொண்டாடின. பைலட் பஞ்சம் என்று எழுதாத நாளில்லை. ஆனால் அதே 2023-இல் நாட்டில் கொடுக்கப்பட்ட வணிக விமானி லைசென்ஸ்கள் 1,622. பஞ்சம் இருப்பது அனுபவசாலிகளுக்கு. புது லைசென்ஸ்காரர்களுக்கு இருப்பது வரிசை. 2012-இல் கிங்ஃபிஷர், 2019-இல் ஜெட் ஏர்வேஸ், 2023-இல் கோ ஃபர்ஸ்ட் என்று கம்பெனி படுக்கும்போதெல்லாம் ஆயிரக்கணக்கில் மணி பறந்தவர்கள் வந்து அந்த வரிசையின் முன்னால் நின்றார்கள். லைசென்ஸ் கைக்கு வந்ததும் பதற்றத்தில் 20 லட்சம் கொடுத்து ஏர்பஸ்ஸுக்கு டைப் ரேட்டிங் எடுத்துவிட்டு, அழைப்பு வராமல் அதையும் புதுப்பிக்கச் செலவு செய்துகொண்டிருப்பவர்களை அவர்களுக்குத் தெரியும்.

ஒரு நல்ல செய்தியும் கிடைத்தது. பயிற்சிக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டா இல்லையா என்று வெகுநாள் வழக்கடித்துக்கொண்டிருந்த விஷயம், 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் விளக்கத்தோடு தீர்ந்தது. அங்கீகாரம் பெற்ற பள்ளியின் அங்கீகாரம் பெற்ற கோர்ஸுக்கு வரி இல்லை. 30 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் மிச்சம். ரசீதில் அந்த வரி வந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

சாகரிலிருந்து போபால் வந்து சென்னை வண்டிக்குக் காத்திருந்தபோது அவன் பழைய ஷீட்டை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டான். இதில் நிறம் இல்லை, வரிசை மட்டும் இருந்தது. முதலில் மெடிக்கல். இரண்டாம் வகுப்புச் சான்று, அதன்மேல் பெங்களூரு விமானப்படை மருத்துவ நிலையத்தில் முதல் வகுப்பு. கண், காது, இதயம், சர்க்கரை எல்லாம் பார்த்துவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் சர்க்கரை சீதனமாக வருகிற பொருள். சில ஆயிரத்தில் முடிகிற இந்தச் சோதனைக்கு முன்னால் யாருக்கும் ஒரு லட்சம்கூடக் கட்டுவதில்லை. அடுத்தது பரீட்சைகள்: நேவிகேஷன், வானிலை, விதிமுறை, டெக்னிக்கல். நூற்றுக்கு எழுபது எடுக்க வேண்டும். வேலையை விடாமல், ராத்திரியில் படித்து எழுதலாம். அவையும் தேறினால்தான் ராஜினாமா. அந்த ஒரு மாற்றத்திலேயே சம்பளம் போகும் காலம் ஒரு வருஷம் குறைந்தது. ஏறக்குறைய 17 லட்சம். பறத்தலுக்கு மனையை விற்ற பணம், இருபத்தைந்து மணிக்கு ஒருமுறை கட்டுவது. டைப் ரேட்டிங்குக்கு மட்டும் கடன், அதுவும் ஒரு கம்பெனி அழைத்த பிறகு. அந்தக் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் பக்கென்றது. முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களிடம் வாங்கிய கையெழுத்து அது.

மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னது இரண்டுதான். ஃபிளாட் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வரக்கூடாது. மகளின் பெயரில் போட்ட செல்வமகள் கணக்கில் கை வைக்கக்கூடாது. "மனை உங்களோடது, என்னமும் செய்யுங்க" என்றாள். பிறகு என்னிடம், "பெரியப்பா, அத்தைக்கு நீங்கதான் சொல்லணும்" என்றாள். அவள் ஊர்ப்பக்கத்தில் கணவனின் தாய்மாமனைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்குப் போனதாகச் சொன்ன கதையை இனி எப்படிக் கரைசேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவன் அதற்குள் மறைமலைநகர் புரோக்கருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் விட்டிருந்தான். வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழையும்போது பதில் வந்தது.

"மாமா, 28 லட்சத்துக்குப் பார்ட்டி ரெடியா இருக்காம். டோக்கன் அட்வான்ஸ் நாளைக்கே தரேன்னு சொல்றார்."

"அந்த மனை முப்பத்தஞ்சுக்குக் கீழே போகாது. பட்டா, வில்லங்கம் எல்லாம் சுத்தமா இருக்குன்னு மட்டும் சொல்லு. பறக்கப் போறேன், ட்ரெயினிங் போறேன்னு உளறி வைக்காதே. அவசரம்னு மோப்பம் பிடிச்சான்னா இன்னும் ரெண்டு இறக்குவான்."

"ஏற்கெனவே சொல்லிட்டேனே மாமா."

"சரி, அப்ப வேற புரோக்கரைப் பாரு" என்று பெட்டியைத் தூக்கினேன்.